கம்பெடுக்கத் தோன்றாத நாள்

கட்டுப்பாடு என்கிற சொல் சேரிக்காரர் காதில் நல்லவிதமாக விழுந்ததில்லை. 'ஊர்க்கட்டுப்பாடு' என்றால் டீக்கடையில் டீ கிடையாது, மளிகைக் கடையில் உப்பு கிடையாது, வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். நம்மை அடக்கப் புழங்கிய சொல்லை நாமே நம் உடம்பின்மேல் ஏற்றிக்கொள்ளலாமா? சிலம்பக் களத்தில் இந்தக் கேள்வி அன்றாடம் எழுகிறது.

எங்காவது ஒரு சேரியில் வெட்டோ தீவைப்போ நடந்தால், மறுவாரம் களத்தில் கால் வைக்க இடமிருக்காது. பொடிசிலிருந்து பெரிசு வரை கம்போடு நிற்கும். மூணு மாசம் கழித்துப் போனால் நாலு பேர். "மனசு வரலண்ணே" என்கிறார்கள். கோபம் கூட்டி வந்தது. கோபம் ஆறினதும் கூட்டிப் போய்விட்டது. அந்தக் கோபத்தை மூட்டியவன் யார்? அடித்தவன். அவன் அடித்தால் பயிற்சி, சும்மா இருந்தால் ஓய்வு என்றால், நம் களத்தின் சாவி அவன் இடுப்பில்தானே தொங்குகிறது?

மனசு வராததைச் சோம்பேறித்தனம் என்று ஏசுவதும் அநியாயம். பகலெல்லாம் செங்கல் சூளையில் மண் மிதித்த கால் அது. 'சோம்பேறிப் பசங்க' என்பது ஆண்டை நமக்கு வைத்த பேர். அதை எடுத்து நாமே ஒருத்தர்மேல் ஒருத்தர் எறிய வேண்டாம். பெண்பிள்ளைகளுக்குச் சூளைக்குப் பிறகு அடுப்பும் காத்திருக்கிறது. அந்த வேலையில் பங்கெடுக்காத அண்ணனுக்குத் தங்கச்சி ஏன் வரவில்லை என்று கேட்க வாயில்லை. அலுத்த உடம்புக்கு அளவைக் குறைக்கலாம். நாளைத் தவறவிடக் கூடாது. "வீச்சு வேணாம், சலாம் வரிசை போட்டு நாலு காலடி வெச்சிட்டுப் போ" என்பார் எங்கள் வாத்தியார். அன்றைக்கு உடம்பு பெரிதாக எதையும் கற்றுவிடாது. தனக்குத்தானே கொடுத்த வாக்கு மட்டும் காப்பாற்றப்படும்.

அதனால் என்ன பிரயோசனம்? 1927 மார்ச் 20 அன்று மகாட்டில் சவதார் குளத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பியவர்களைச் சாதி இந்துக்கள் தடிகொண்டு தாக்கினார்கள். அடிபட்ட கூட்டத்தில் பட்டாளத்தில் இருந்து வந்த மகர்களும் இருந்தார்கள். திருப்பி அடிக்கத் தெம்பும் இருந்தது, பழக்கமும் இருந்தது. அம்பேத்கர் வேண்டாம் என்றார், பொறுத்து நின்றார்கள். அதைப் பயந்து ஒதுங்கியதாக யாரும் சொல்ல முடியாது. அந்த வருஷம் டிசம்பரில் அதே மகாட்டில் மறுபடியும் கூடினார்கள், மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள்.

தோன்றும்போது மட்டும் கம்பெடுத்துப் பழகியவன், தோன்றினால் அடித்தும் விடுவான். தோன்றாத நாளில் கம்பெடுக்கப் பழகிய கைக்குத்தான், ரத்தம் கொதிக்கிற நாளில் அதைக் கீழே வைக்கவும் தெரியும். ஊர்க்கட்டுப்பாடு அடுத்தவன் போட்டது, நம்மைக் கேட்காமல் போட்டது. களத்துக் கட்டுப்பாட்டைப் போடுவதும் நாம், கூடிப் பேசி மாற்றுவதும் நாம். சொல் ஒன்றுதான், பிடி வேறு கையில்.

அடுத்த வெட்டு விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம், தோழர்களே. இன்று சாயங்காலம் மனசு வரலேன்னாலும் நாலு காலடி.