சில்லறையும் மாற்றமும்

ஆங்கிலம் படித்தவரும் படியாதவரும் ஒன்றுபோல் வழங்கும் சொற்களுள் 'சேஞ்ச்' என்பதும் ஒன்று. பேருந்தில் நடத்துநர் சேஞ்ச் கேட்கிறார். அவர் வேண்டுவது சில்லறை. விழுப்புரத்தில் வண்டி சேஞ்ச் ஆகவேண்டும் என்கிறார் பயணி. அவர் கருதுவது ஒன்றினின்று இறங்கி மற்றொன்றில் ஏறுவதை. நோயாளிக்கு ஒரு சேஞ்ச் தேவை என்கிறார் மருத்துவர். அஃது இடம் பெயர்ந்து காற்று வாங்குதல். அரபு நாட்டிலிருந்து திரும்பிய மகனைப் பற்றி, 'ஆளே சேஞ்ச் ஆகிவிட்டான்' என்று தாய் சொல்லும்போது அது பெருமிதமா, வருத்தமா என்பதை அவர் முகம் பார்த்தே அறியவேண்டும். காசுக்கும் வண்டிக்கும் காற்றுக்கும் மனிதனுக்கும் ஒரே சொல்! இவற்றுள் எப்பொருளை மனத்திற்கொண்டு நாம் ஒருவரை 'மாறிவிட்டார்' என்கிறோம்? இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சிக்காக எழுந்ததன்று. அது நம்மிடம் வந்த வழியைப் பின்னர்க் கூறுவோம்.

அச்சொல்லின் மூலத்தை ஆராய்ந்தோர், அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது என்றும், பிற்கால இலத்தீனில் அதன் மூதாதையான சொல்லுக்குப் பண்டமாற்று என்பதே பொருள் என்றும் காட்டுவர். கொடுத்து வாங்குதலே பழம்பொருள். தன்மை வேறுபடுதல் அதனின்று விரிந்த பொருள். நம் தமிழும் இவ்வகையில் பின்தங்கியதன்று. மாற்று என்பது பண்டமாற்று. பொன்னின் தரமும் மாற்றே. நஞ்சை முறிக்கும் மருந்தும் மாற்று, பகைவன் மாற்றான். கைமாற்று என்பது எழுத்தின்றி வாங்கும் சிறுகடன். கைமாறு என்பது பெற்ற உதவிக்குத் திருப்பிச் செய்வது. பழந்தமிழில் மாற்றம் என்றால் சொல், விடை என்றும் பொருள் உண்டு. கேட்டவனுக்குக் கொடுக்கும் விடையும் ஒருவகைக் கொடுக்கல் வாங்கல் அன்றோ!

அரபு மொழியில் இன்னும் வியப்பு. மதரஸாவில் காலடி வைக்கும் சிறுவனுக்கு முதலிற் புகட்டப்படுவது 'ஸர்ஃப்' என்னும் சொல்லிலக்கணம். நஸர என்றால் உதவினான், யன்ஸுரு என்றால் உதவுகிறான், நாஸிர் உதவுபவன், மன்ஸூர் உதவப்பட்டவன். வடிவம் எத்தனை மாறினும் நூன், ஸாத், ரா என்னும் மூவெழுத்தும் நிலைத்திருக்கும். அவற்றுள் ஒன்று நீங்கி வேறொன்று புகுந்தால் அது திரிபன்று, வேறு சொல்லாகிவிடும். அதே ஸர்ஃப் என்னும் சொல் ஃபிக்ஹுக் கிதாபுகளில் நாணய மாற்றைக் குறிக்கும். நாணயம் மாற்றுபவன் ஸர்ராஃப்; நம் முன்னோர் வழங்கிய 'சராப்பு' என்னும் சொல் அவ்வழி வந்ததே. ஆங்கிலச் சொல்லைப் போலவே அரபுச் சொல்லும் சொல்லின் திரிபையும் காசின் மாற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது.

இனி, மனிதனின் மாற்றத்துக்கு அரபு ஒரு சொல்லோடு நின்றுவிடவில்லை. 'தக்யீர்' என்பது வேறாக்குதல்; பிற என்னும் பொருள் தரும் 'கைர்' அதன் வேர். 'தப்தீல்' ஒன்றை எடுத்து அதனிடத்தில் மற்றொன்றை வைத்தல். 'தஹ்வீல்' நிலையையோ திசையையோ மாற்றுதல். 'இன்கிலாப்' தலைகீழாகப் புரளுதல்; இதயத்தைக் குறிக்கும் 'கல்பு' இதன் உடன்பிறப்பு. புரண்டுகொண்டே இருப்பதால் அதற்கு அப்பெயர் என்பர்.

ரஃது அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தில் தக்யீர் என்னும் வினை இருமுறை வருகிறது. ஒருமுறை செய்பவன் அல்லாஹ். மறுமுறை செய்பவர்கள் மக்கள். ஒரு சமூகத்தின் நிலைமை மாறுவதை, அம்மக்கள் தம் உள்ளத்திலுள்ளதை மாற்றிக்கொள்வதோடு அவ்வசனம் பிணைக்கிறது. மேடைகளில் நாம் அடிக்கடி ஓதும் வசனம் இது. ஆனால் அதே வினை நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனத்தில் ஷைத்தானின் சூளுரையிலும் வருகிறது. அங்கு அது படைப்பைச் சிதைத்தல். ஆகவே மாற்றம் என்ற அளவில் அது நன்மையும் அன்று, தீமையும் அன்று. எதை, எதற்காக என்பதைக் கேட்ட பின்னரே தீர்ப்பு.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் கிப்லா பைத்துல் முகத்தஸிலிருந்து கஃபாவின் பக்கம் திருப்பப்பட்டது. திசை மாறிற்று, தொழப்படுபவன் மாறவில்லை. இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்கள் இராக்கில் கூறிய தீர்ப்புகளுட் பலவற்றை எகிப்துக்குச் சென்ற பின் மாற்றினார்கள். அவற்றைப் பழைய சொல், புதிய சொல் என்று நம் கிதாபுகள் பிரித்துக் கூறும். ஹிஜ்ரி 204இல் மறைந்த அப்பெருந்தகையை நிலையற்றவர் என்று எவரும் சொன்னதில்லை. சான்று புதிதாகக் கிடைத்தது, சொல் மாறியது. சான்றுக்குப் பணியும் குணம் மாறவில்லை. ஸர்ஃபின் மூவெழுத்து நின்றதுபோல் இங்கும் வேர் நின்றது.

இவற்றையெல்லாம் பல்லாண்டு பாடம் சொல்லிக் கொடுத்த நமக்கே பாடம் சொல்ல ஒரு பெண்மணி வந்தார். அவருடைய தமையனார் ஒருகாலத்தில் தொழுகைப் பக்கமே வாராதவர். பின்னர் ஐவேளையும் முதல் வரிசைக்கு வந்தார், ஹஜ்ஜும் நிறைவேற்றினார். அவர் திரும்பிய நாளில் நடந்த வரவேற்பில், 'இதுவன்றோ மாற்றம்!' என்று பேசியவருள் நாமும் ஒருவர். சில நாட்களுக்குப் பின் அப்பெண்மணி வீட்டுக்கு வந்து திரைக்கு அப்பால் அமர்ந்து சொன்னார்:

"ஹஜ்ரத், காக்கா மாறிவிட்டாகள் என்று ஊரே சொல்கிறது. எனக்கும் சந்தோஷந்தான். வாப்பா விட்டுப்போன தோப்பில் என் பங்கு மட்டும் இன்னும் கைமாறவில்லையே!"

நாம் தலைகுனிந்தோம். ஆணின் பங்கிற் பாதி மகளுக்கு என்பது மனிதர் வகுத்த பங்கன்று. நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் விதித்தது. 'கல்யாணத்துக்குச் செலவழித்தோம், சீர் செய்தோம்' என்பது நம் வீடுகளில் வழங்கும் விடை. தந்தை தம் வாழ்நாளில் கொடுத்தது அன்பளிப்பு. அது மீராஸைக் கழிக்காது. 'அவளே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்துவிட்டாள்' என்பது மற்றொரு விடை. கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபடுமே என்று அஞ்சி மௌனமாகக் கையெழுத்திட்டவளின் விட்டுக்கொடுத்தல் மனமொப்பியதாகுமா? அதை அவளிடம் தனியே கேட்டறிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

நாணய மாற்றுக்கு ஷரீஅத் கடுமையான நிபந்தனை விதித்திருப்பதன் நுட்பம் அன்றுதான் நமக்குப் புலப்பட்டது. பொன்னுக்குப் பொன்னாயின் எடை சமமாக இருக்கவேண்டும்; வெள்ளிக்குப் பொன்னாயின் எடை வேறுபடலாம். எதுவாயினும் இருவரும் பிரியுமுன் கைக்குக் கை சேரவேண்டும். ஒருவர் மட்டும் வாங்கிக்கொண்டு மற்றவருக்குப் பின்னர்ப் பார்ப்போம் என்றால் அந்த மாற்று செல்லாது. மனிதனின் மாற்றத்திலும் இப்படி ஓர் எதிர்க்கை உண்டு. தவ்பாவுக்குப் பாவத்தை விடுதல், வருந்துதல், மீளாதிருக்க உறுதி கொள்ளுதல் என மூன்று நிபந்தனைகளைக் கூறிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், அப்பாவம் மனிதர் உரிமையைப் பற்றியதாயின் நான்காவதாக உரியவரிடம் அதைச் சேர்ப்பித்தலையும் வைத்தார்கள். முதல் மூன்றும் நெஞ்சுக்குள் நிகழலாம். நான்காவது தோப்பில்தான் நிகழவேண்டும்.

'அல்லாஹ் மன்னிப்பவனாயிற்றே!' எனலாம். ஐயமில்லை. ஃபுர்கான் அத்தியாயத்தின் 70ஆம் வசனம், மீண்டு வந்து நல்லறம் செய்வோரின் தீமைகளை நன்மைகளாக மாற்றித் தருவதாக வாக்களிக்கிறது. அங்குள்ள சொல் தப்தீல். எத்துணை இலாபமான மாற்று! ஆயினும் அந்த நல்லறத்தின் முதற்படி, நம் பையிலுள்ள பிறர் காசைத் திருப்பித் தருவதன்றோ? தமக்கையின் பங்கை மடியில் வைத்துக்கொண்டு தஸ்பீஹ் மணியைக் கையில் எடுப்பவர் உடையை மாற்றினார், திசையை மாற்றினார்; சில்லறையை மட்டும் கொடாதுவிட்டார். நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இருபொருள் வைத்த நம் தமிழ் முன்னோர் இதை நன்கறிந்தவர்கள்.

அத்தமையனாரைத் தனியே கண்டு இவற்றைக் கூறினோம். வரவேற்பில் நாம் பேசியது அவசரப் பேச்சு என்பதையும் ஒப்புக்கொண்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. இதனை எழுதும்வரை தோப்பு அளக்கப்படவுமில்லை. நம் ஸலாமுக்கு அவர் பதில் சொல்கிறார். முன்போல் நின்று பேசுவதில்லை. அவருடைய தொழுகையைப் பொய் என்று சொல்ல நாம் யார்? இதயங்களைப் புரட்டுபவன் அதை அறிவான். அவர் பாதிவழி வந்திருக்கிறார் என்றே நம்புகிறோம். மீதிவழி ஒரு தோப்பின் தொலைவுதான்.

வாசக அன்பர்களே! தவ்பா என்னும் சொல்லுக்கு மாறுதல் என்று பொருளில்லை. திரும்புதல் என்றே பொருள். திரும்பி வருபவன் வெறுங்கையுடன் வருவதில்லை; கொண்டுபோனதையும் கொண்டுவருவான். நம் வீடுகளில் அளக்கப்படாத தோப்புகளும், பிரிக்கப்படாத வீடுகளும், வாய்திறவாத சகோதரிகளும் உண்டா என்பதை இன்றிரவே எண்ணிப் பார்ப்போமாக. நம் மாற்றத்தை மாற்றுக் குறையாப் பொன்னாக ஆக்கிவைக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.