யோகமா, ஒப்பந்தமா?

வாங்க நினைத்த வீடு கைநழுவிப் போயிற்றென்றால், நம்மவர் வாயில் முதலில் வரும் சொல், "நமக்கு அந்த யோகம் இல்லை" என்பதுதான். இரண்டாவது வீடு பார்க்கப் புறப்படுமுன் ஜாதகம் சோதிடரிடம் போகிறது. வாசற்படியின் திசை ஆராயப்படுகிறது. ஒப்பந்தப் பத்திரத்தைப் படிப்பாரோ மிகச் சிலர். காஜாங்கிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் காணப்படும் இவ்வழக்கம் அறியாமை மட்டுமன்று. ஓர் ஒழுக்கக் கேடுமாகும் என்பதே நமது கருத்து.

எவ்வாறெனில், வீடு தவறிப்போவதற்குக் காரணம் எப்போதும் உண்டு. நூற்றுக்கு இரண்டோ மூன்றோ முன்பணம் வாங்கியவர், வேறொருவர் கூடுதல் விலை சொன்னதும் வாக்கை மாற்றியிருக்கலாம். வங்கி கடனை மறுத்திருக்கலாம். வீடமைப்பாளர் அஸ்திவாரத்தோடு வேலையைக் கைவிட்டிருக்கலாம். முதலாவது வாக்குத் தவறுதல். இரண்டாவது வெறும் கணக்கு. மூன்றாவது சட்டத்தை மீறிய செயல். இம்மூன்றையும் விதியென்னும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டால், குற்றவாளி தப்புகிறான். நஷ்டமடைந்தவன் தன்னையே நொந்துகொள்கிறான். மருமகள் வந்த வேளையென்றும், பிள்ளை பிறந்த நட்சத்திரமென்றும் வீட்டிலுள்ளோர்மேல் பழி விழுகிறது. குற்றமற்றவரைத் தண்டித்துக் குற்றமுடையவரை விடுவிக்கும் கொள்கை எங்ஙனம் அறமாகும்?

துன்பத்தில் விதி ஓர் ஆறுதலன்றோ என்பர் சிலர். எவர் கையும் படாத இழப்புக்கு அவ்வாறுதல் பொருந்தலாம்; ஒருவர் கையெழுத்திட்டு மீறிய வாக்குக்குப் பொருந்தாது.

காஜாங் மண்ணையே பாருங்கள். இங்கே காப்பி பயிரிட்டவர்கள், அதன் விலை வீழ்ந்தபோது காரணத்தை ஆராய்ந்து ரப்பருக்கு மாறினார்கள். சோதிடம் கேட்டு மாறினார்களில்லை. அம்மரங்களில் பால் வெட்டிய நம்மவருக்கோ, குடியிருந்த லயம் சொந்தமன்று. வேலை போனால் வீடும் போயிற்று. 1950களில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது குடும்பங்கள் நிலைகுலைந்தது ஜாதகத்தாலன்று, பத்திரம் பிறர் பெயரில் இருந்ததால். அதையுணர்ந்தே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால், 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. இழந்தவர்கள் காரணமறிந்து மீண்டும் முயன்றதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இன்று சட்டமும் துணை நிற்கிறது. 1966ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் கீழ் வகுத்த ஒப்பந்தப்படி, நிலத்தோடு கூடிய வீட்டை 24 மாதத்திலும், அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும். உரிமம் பெற்ற வீடமைப்பாளர் தவறினால் முறையிட 2002 முதல் தனி நடுவர் மன்றமுண்டு. ஆனால் தனியாரிடம் பழைய வீடு வாங்குவோருக்கு அம்மன்றம் உதவாது. அவருக்குக் காவல், முன்பணச் சீட்டில் எழுதப்படும் வாசகமே. கடன் கிடைக்காவிடில் பணம் திரும்பவேண்டும், விற்பவர் பின்வாங்கினால் ஈடு தரவேண்டும் என்று அதில் எழுதிக் கேட்பது அவநம்பிக்கையன்று. இருவரின் மானத்தையும் காப்பது.

இன்னுமொன்று. ஏமாற்றப்பட்டவர் நாளை விற்பவராகவும் ஆவார். அன்று கூடுதல் விலையோடு ஒருவர் வாசலில் வந்து நிற்பார். "ஊரே இப்படித்தான்" என்று அவர் வாக்கை மாற்றினால், தமக்கிழைத்த அநீதிக்குத் தாமே சாட்சிக் கையெழுத்திட்டவராவார். மாற்றாது நிற்பாராயின், மற்றொரு குடும்பம் யோகத்தைத் தேடி அலையாது.