பழைய வண்டியும் பிறர் உயிரும்



சென்ற ஞாயிறு பூசைக்குப் பின் குடும்பத் தலைவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சுவாமி, என் கார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. இன்னும் அதைக் கட்டி மேய்ப்பது சிக்கனமா, கஞ்சத்தனமா?"

கேள்வி சிறிதாயினும் விஷயம் பெரிது. உங்களில் பலருக்கும் அது பயன்படுமென்று இங்கே எழுதுகிறேன்.

பழையதாயிருப்பது குற்றமன்று. அம்பாசிடர் கார்களின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றுபோயிற்று. ஆயினும் அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. காரணம் யாதெனில், அவற்றைப் பேணும் கைகள் ஓயவில்லை. எஞ்சின் ஆயிலில் நாளடைவில் கரியும் அழுக்கும் சேர்கின்றன; அதை உரிய காலத்தில் மாற்றாவிடில் இரும்பு இரும்பைத் தின்னும். ரப்பர்க் குழாயும் பெல்ட்டும் ஓடாமல் நின்றாலுங்கூட வயதாகி வெடிக்கும். இவற்றைப் பார்த்துப் பார்த்து மாற்றுகிறவனுடைய வண்டி நெடுநாள் உழைக்கும்.

சிக்கனக்காரனும் கஞ்சனும் பழைய வண்டியையே வைத்திருக்கிறார்கள். வெளிக்கு இருவரும் ஒன்றுபோலத் தோன்றுவர். ஆனால் முன்னவன் வண்டிக்குச் செலவு செய்து அதைக் காக்கிறான். பின்னவன் செலவு செய்யாதிருக்கவே அதை வைத்திருக்கிறான். செய்கை ஒன்று, நோக்கம் வேறு.

இதில் நானும் தவறினவனே. ஒருமுறை வண்டியின் இருக்கைகளுக்குப் புது உறை தைத்தேன். பிரேக் ஆயில் மாற்றுவதை மட்டும் "அடுத்த மாதம்" என்று தள்ளி வைத்தேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 3 வகை ஆயில் புதிதாயிருக்கையில் 205 டிகிரி வரையிலும் கொதியாது. நீர் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடக் கூடும். கொடைக்கானலிலிருந்து இறங்குகையில் பிரேக் சூடேறி, ஆயிலில் ஆவிக்குமிழ்கள் உண்டாகி, மிதி பஞ்சுபோல் உள்ளே போயிற்று. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெள்ள இழுத்து, மலையோரமாய் நிறுத்தினேன். உடன் வந்த மூவரும் பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டனர். எனக்கோ, எதிரே வந்துகொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் மேலிருந்து கண் அகலவில்லை. அந்தப் பிள்ளைகளின் உயிரை ஆபத்தில் வைத்து மிச்சம்பிடிக்க எனக்கு உரிமை ஏது?

ஆகவே அன்பர்களே, பணம் குறைவாயிருந்தால் முதலில் பிரேக்குக்கும் டயருக்கும் ஸ்டியரிங்குக்கும் செலவிடுங்கள், அடுத்து எஞ்சினுக்கு, வண்ணப்பூச்சும் உறையும் கடைசியில். டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டமே அதை அனுமதிப்பதில்லை. அடிச்சட்டம் துருவேறி, எவ்வளவு செலவிட்டாலும் பட்டறைக்காரர் உறுதி கூற இயலாத நாள் வந்தால், அன்றே வண்டியை விட்டுவிடுங்கள்.

அந்தக் குடும்பத் தலைவருக்கு என் பதில் இதுவே: காரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று இன்றே பாருங்கள். சாலை நமக்கு மட்டும் சொந்தமன்று என்பதை மறவாதிருப்போமாக.

உங்கள் பங்குக் குரு