இயல்பா இரும்மா

பொம்மிடியில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போனால், சடங்குக்கு நிகராகப் போட்டோகிராபரின் குரல் கேட்கும். “தலையைக் கொஞ்சம் சாய்ம்மா. கீழே பாரு. லேசா சிரி. இயல்பா இரும்மா.” 12, 13 வயதுப் பெண் இந்த நான்கையும் ஒரே நேரத்தில் செய்தாக வேண்டும். முதல் மூன்றும் கட்டளை. நான்காவது, கட்டளைக்குப் பணிந்தது தெரியக் கூடாது என்கிற கட்டளை. பிறகு ஆல்பத்தைப் புரட்டும் உறவினர்கள், “பொண்ணுக்கு எவ்வளவு வெட்கம் பாரு” என்பார்கள். அந்த வெட்கம் யாருடையது?

உருவப்படக் கலையின் உத்திகள் மேல் எனக்குப் பகையில்லை. உச்சி வெயிலில் நிறுத்தாமல் திண்ணை நிழலில் உட்கார வைத்தால் கண் சுருங்காது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் முகத்தின் மேடு பள்ளம் உயிர்பெறும். கேமராவின் மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுத்த பெண்ணை நிறுத்தினால், சுவருக்கு அளவெடுத்து அவள் முகத்தை இருட்டாக்கிவிடும். முகத்துக்கு அளவெடுக்கத் தெரியாதவர் பிறகு கம்ப்யூட்டரில் அவளை வெளுக்கிறார். குறை அவர் வேலையில். பழியோ அவள் நிறத்தின் மேல்.

ஆக, ஒளி போட்டோகிராபரின் பொறுப்பு. முகபாவமும் அவருடையதுதானா?

1936இல் கலிபோர்னியாவில் டோரதியா லாங்கே எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தை இயல்பான உருவப்படத்தின் உச்சம் என்பார்கள். ஓரத்தில் தெரிந்த ஒரு கட்டைவிரல்கூடப் பின்னாளில் நெகட்டிவில் மறைக்கப்பட்டது. லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று அவர் மனம் கசந்து பேசினார். நல்ல படம்தான். பெயரையாவது கேட்டிருக்கலாம்.

லாங்கேயின் அன்றைய கேமராவில், எடுத்த படத்தை அங்கேயே காட்ட வழியில்லை. இன்று கேமராவின் பின்திரையை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்ப அரை நிமிடம் போதும். “இது வேண்டாம்ணா” என்று அவள் சொன்னால் அழித்துவிட வேண்டும், சீர் கொண்டுவந்த தாய்மாமன் “அழகாத்தானே இருக்கு” என்றாலும்.

அப்படிக் கேட்டால் எல்லாரும் விறைப்பாகத்தான் நிற்பார்கள் என்பது தொழில்காரர்களின் கவலை. நிற்கட்டுமே. பழைய ஸ்டூடியோ படங்களில் நம் பாட்டிகள் முழங்காலில் கை வைத்து, சிரிக்காமல், நம்மை நேராகப் பார்க்கிறார்கள். சிலருக்கு ஆயுளில் அது ஒன்றுதான் படம். அந்த இருப்பும் ஸ்டூடியோக்காரர் சொல்லிக்கொடுத்ததுதானே என்று கேட்கலாம். இருக்கலாம். கண்ணைத் தாழ்த்து என்று மட்டும் அவர் சொன்னதாகத் தெரியவில்லை.