ஜீப் இருக்கைக்குப் புதுத் துணி

இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பில் இருக்கைத் துணி பெரும்பாலும் முதலில் நைவது ஓட்டுநர் பக்கத்து வெளி ஓரத்தில்தான். அந்த வண்டிக்குக் கதவு கிடையாது. ஏறினாலும் இறங்கினாலும் தொடை அந்த ஓரத்தில் உராய்ந்தே ஆக வேண்டும். இடுப்பில் தொங்கும் உறையும் கருவிகளும் சேர்ந்து அறுக்கும். அடுத்தது சாய்மானத்தின் மேல் விளிம்பு. கூரையை மடித்துவிட்டால் வெயிலும் மழையும் நேராக விழுவது அங்கேதான், பின்னால் ஏறுபவரின் கை பற்றுவதும் அங்கேதான். இருக்கையின் நடுப்பகுதி அழுக்கேறி மெருகேறிப்போயிருக்கும், ஆனால் பெரும்பாலும் கிழிந்திருக்காது. வண்டியில் அமர்ந்தவர்கள் எப்படி ஏறினார்கள், எங்கே பிடித்தார்கள் என்பதெல்லாம் துணியில் பதிந்து கிடக்கிறது. அதை அகற்றிப் புதுத் துணி போடலாமா என்ற தயக்கம் பழைய வண்டியை நேசிப்பவர் எல்லோருக்கும் வருவதுதான்.

தயக்கத்துக்கு அந்த வண்டியின் பிறப்பிலேயே ஒரு விடை இருக்கிறது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்கள் ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளைக் கட்டின. வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ எனப் பெயர் இரண்டானாலும் வரைபடம் ஒன்று. ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கண்டிப்பு. உடைந்ததைக் கழற்றி வேறொன்றைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதற்காகவே உருவான வண்டி இது. தேய்வதும் மாற்றப்படுவதும் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஆகவே ஓடும் வண்டியில் நைந்த உறையை மாற்றுவது அதன் இயல்புக்கு விரோதமானதல்ல. ஓடாமல் காட்சிக்கு நிற்கும் வண்டி வேறு: போர்க்காலத்து உறையே அதில் தப்பியிருந்தால், கிழிசலோடு விட்டுவைப்பதே நியாயம். அந்தத் துணியை மறுபடி யாராலும் செய்ய முடியாது.

துணியின் தேர்வில்தான் பலர் வழி தவறுகிறார்கள். 1940களின் இறுதியில் மகிந்திரா பம்பாயில் பூட்டத் தொடங்கிய ஜீப்புகளும் இதே குடும்பம். அவற்றில் எத்தனையோ வண்டிகள் குஷன் கடைக்குப் போய் ரெக்சினும் தடித்த ஸ்பாஞ்சுமாகத் திரும்பியிருக்கின்றன. கடையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். திறந்த வண்டியிலோ, தையல் துளை வழியே இறங்கும் மழைநீர் ஸ்பாஞ்சில் தங்கிவிடும். மேலே ரெக்சின் மூடியிருப்பதால் எளிதில் உலராது. அடியில் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும். உச்சி வெயிலில் அந்த இருக்கையில் உட்காரவும் முடியாது. நெருக்கமாக நெய்த பருத்திக் கேன்வாஸ் நனைந்தாலும் காற்றில் உலர்ந்துவிடும். நீர் புகாமலும் பூஞ்சை பிடிக்காமலும் பதப்படுத்திய கேன்வாஸ் கிடைத்தால் அதுவே மேல். அதைத் துவைத்தால் பதம் போய்விடும். பதப்படுத்தாத துணியானால் வெட்டுவதற்கு முன்பே நனைத்து உலர்த்திவிட வேண்டும். இல்லையேல் முதல் மழையிலேயே சுருங்கித் தையலைப் பிய்க்கும்.

வேலையைத் தொடங்கும்முன் ஓர் எச்சரிக்கை. போர்க்கால ஜீப்பில் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. அதன் மூடியும் மெத்தைக்குக் கீழேதான். பெட்ரோல் போட ஓட்டுநர் எழுந்து மெத்தையைத் தூக்க வேண்டும். ஆகவே சட்டத்தை வண்டியிலிருந்து கழற்றி, தள்ளி எடுத்துப் போன பிறகே துரு சுரண்டுவதும் துளை போடுவதும். தீப்பொறி பறக்கும் எந்தக் கருவிக்கும் அந்த இருக்கையருகே இடமில்லை.

பழைய உறையைக் கிழித்தெடுக்கக் கூடாது. தையல் தையலாகப் பிரிக்க வேண்டும். பிரித்த ஒவ்வொரு துண்டிலும் எது மேல், எது இடம், எது வலம் என்று சாக்பீஸால் எழுதி, ஓரங்களின் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். நெடுங்காலம் இழுபட்ட துணி ஒருபுறம் நீண்டிருக்கும் என்பதால் அதை அப்படியே அச்சாகக் கொள்ள முடியாது. குறைவாகத் தேய்ந்த பயணி இருக்கையின் துண்டோடு ஒப்பிட்டு, அளவைச் சட்டத்தின் மேல் வைத்துச் சரிபார்த்து, தடித்த காகிதத்தில் வரைந்துகொண்டால் கை நடுங்காமல் கத்தரிக்கோலை எடுக்கலாம். இந்தப் பொறுமையான பகுதியே வேலையின் பாதி. இதைச் செய்யும்போதுதான், முன்பு யாரோ அவசரத்தில் போட்ட கைத்தையலும், உள்ளே வைத்த ஒட்டுத்துணியும் கண்ணில் படுகின்றன. வெளியே கொடுத்துச் செய்தால் இவை குப்பையோடு போய்விடும். தானே செய்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. மிச்சமாகும் கூலியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

துணி நீங்கிய சட்டத்தில் வளைவுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஈரத்துணி இறுகத் தழுவிக் கிடந்த இடங்கள் அவை. துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, மேலே பெயின்ட் அடித்து நன்றாகக் காய விட வேண்டும்.

வீட்டுத் தையல் இயந்திரம் இரண்டு மடிப்புக் கேன்வாஸைத் தாங்கக்கூடும். நாலு மடிப்பு சேரும் மூலையில் ஊசி முறியும். அங்கே தடித்த ஊசியும் மெழுகு தேய்த்த நூலுமாகக் கையால் தைப்பதே உறுதி. பாலியெஸ்டர் நூல் வெயிலைப் பருத்தியைவிட அதிக நாள் தாங்கும். பருத்தி நூலுக்கு வேறொரு குணம் உண்டு: நனைந்தால் பருத்துத் துளையை அடைத்துக்கொள்ளும். எடை தாங்கும் ஓரங்களுக்கு இரட்டைத் தையல் கட்டாயம். கோடு சற்றே கோணினால் பாதகமில்லை, நெருக்கம் குறையக் கூடாது. மாட்டும்போது நடுப்புள்ளிகளை முதலில் பொருத்தி, எதிரெதிர் ஓரங்களை மாறிமாறி இழுத்தால் சுருக்கம் விழாது.

பின்னிருக்கையின் துணி பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். முன்னால் புதிதும் பின்னால் பழையதும் நிறம் ஒட்டவில்லையே என்று அதையும் மாற்றச் சிலருக்குக் கை துறுதுறுக்கும். விட்டுவிடலாம். அமெரிக்க ராணுவமே போரின் நடுவில் துணியின் ஆலிவ் நிறத்தை வெளிறிய 3ஆம் எண்ணிலிருந்து அடர்ந்த 7ஆம் எண்ணுக்கு மாற்றியது. பணியில் இருந்த ஜீப்புகளில் இரு நிறங்களும் கலந்து வருவது தவிர்க்க முடியாததாக இருந்தது.