உள்ளே சென்றவன் குற்றவாளியா?

திறமையில் ஒத்த இருவருள் ஒருவனுக்கு மட்டும் கதவு திறக்கிறது. மற்றவன் நிறத்தைக் காரணங்காட்டித் தடுக்கப்படுகிறான். உள்ளே செல்பவன் அந்த அநீதிக்கு உடந்தையாகிறானா? இதைப் பொதுப்படப் பேசுவதிலும் பார்க்க, ஒரு மனிதனின் வாழ்வை முன்வைத்துச் சிந்திப்பது நன்று.

அர்மாண்டோ மார்சான்ஸ், 1887ஆம் ஆண்டு கியூபாவின் மத்தன்சாஸ் நகரிற் பிறந்த பேஸ்போல் வீரர். இதுவும் கிரிக்கெட்டைப் போலப் பந்தும் மட்டையும் கொண்டு ஆடப்படுவதே. அவர் ஆடிய அல்மென்டாரஸ் கழகத்தில் ஹொசே மென்டஸ் என்ற பந்தெறி வீரரும் இருந்தார். மார்சான்ஸ் வெள்ளையர், மென்டஸ் கறுப்பர். கியூபாவில் அதுபற்றி எவரும் கேட்கவில்லை. 1908 நவம்பரில் அமெரிக்காவின் சின்சினாட்டி ரெட்ஸ் அணி ஹவானாவுக்கு வந்தபோது, மென்டஸ் ஒன்பது சுற்றுக்களும் பந்தெறிந்து ஒரேயோர் அடியைத்தான் விட்டுக்கொடுத்தார். அதுவும் கடைசிச் சுற்றிலே. வெற்றி 1–0. அப்பயணத்தில் அவ்வணிக்கெதிராக அவர் எறிந்தவை 25 சுற்றுக்கள். கொடுத்த ஓட்டம் ஒன்றுமில்லை.

அதே சின்சினாட்டிக் கழகம் 1911இல் கியூபாவிலிருந்து இருவரை எடுத்தது. மென்டஸை அல்ல, மார்சான்ஸையும் ரஃபாயெல் அல்மெய்டாவையும். அமெரிக்கப் பெரிய லீக்குகளில் கறுப்பருக்கு இடமில்லை என்பது எங்கும் எழுதப்படாத, ஆனால் எல்லாரும் கைக்கொண்ட விதி. (எழுதியிருந்தாலாவது அதை எதிர்த்து வழக்காடியிருக்கலாம்.) ஆகவே, இவ்விருவரும் கலப்பற்ற ஸ்பானிய இரத்தத்தவர் என்று ஊரறிய உறுதி கூறப்பட்டது.

ஆடச் சென்றதை நான் குற்றமென்று கொள்ளேன். மார்சான்ஸ் மறுத்திருந்தால் அந்த இடம் மென்டஸுக்குக் கிடைத்திராது. வேறொரு வெள்ளையருக்கே போயிருக்கும். பூட்டியவனின் பாவத்தை உள்ளே போனவனின் தலையிற் சுமத்துவது நியாயமன்று. ஆயினும் அந்த இரத்த உறுதிமொழிதான் என்னை உறுத்துகிறது. அதன் உட்பொருள் என்ன? "நான் மென்டஸைப் போன்றவன் அல்லன்" என்பதல்லவா? தன் வாயால் அதைச் சொல்லாவிடினும், பிறர் சொல்ல அதனாற் பயன்பெற்று நிற்பவன் தோழனுக்கு ஏதோ கடன்பட்டவனாகிறான். வந்தேறியான அவர் ஒருவர் பேசினால் யார் கேட்டிருப்பர் எனலாம். உண்மைதான். ஆனால் மார்சான்ஸ் வாய்பேசாப் பிராணியல்லர். 1914இல் கழகத்தோடு முரண்பட்டு, போட்டியாக எழுந்த ஃபெடரல் லீக்கிற்குப் போனார். கழகம் நீதிமன்றத் தடையுத்தரவு பெற்றும் பணியவில்லை. தன் உரிமைக்காக நிற்கத் தெரிந்தவர் அவர்.

1918இல் அவரது பெரிய லீக் வாழ்வு முடிந்தது. 1923இல் கறுப்பின லீக்கில் கியூபன் ஸ்டார்ஸ் அணிக்காக ஆடினார். கடன் தீர்க்கவா, பிழைப்புக்காகவா? மனச்சாட்சியின் கணக்கை வெளியாள் எழுத முடியாது.

மென்டஸ் 1924இல் கான்சஸ் சிற்றி மொனார்க்ஸ் அணியின் முகாமையாளராயிருந்து, கறுப்பின லீக்குகளின் உலகத் தொடரில் இறுதி ஆட்டத்தைத் தாமே எறிந்து 5–0 என வென்றார். 1928இல் ஹவானாவில் இறந்தார். பெரிய லீக்கின் கதவு ஜாக்கி ரொபின்சனுக்காகத் திறந்தது 1947இலேதான்.

1939இல் கியூபா தன் பேஸ்போல் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகத் தெரிந்தெடுத்தவர்களுள் மென்டஸ், மார்சான்ஸ், அல்மெய்டா மூவரும் ஒரே பட்டியலில் இடம்பெற்றனர். அன்று மென்டஸ் மட்டும் உயிரோடில்லை.