விட்ட மீனின் கணக்கு

சேர்வராயன் மலை உச்சியில் உள்ள குகைக் கோயிலில் சேர்வராயனோடு காவிரியம்மனும் இருக்கிறாள். குகையின் உள்வழி காவிரி வரைக்கும் போகிறது என்பது அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் நம்பிக்கை. நம்பாதவர்கள் ஏற்காட்டின் லேடீஸ் சீட்டில் போய் நிற்கலாம். மூடுபனி இல்லாத நாளில் மேட்டூர் நீர்த்தேக்கம் கண்ணுக்கே தெரியும். அந்த நீருக்கு மேலே, ஒகேனக்கல்லையும் தாண்டிக் கர்நாடக மலையிடுக்குகளில் காவிரி ஓடும் இடத்தில் உலகத் தூண்டில்காரர்கள் தேடி வந்த முகாம்கள் இருந்தன: பீமேஸ்வரி, காலிபோர். வந்தவர்கள் மஹ்சீர் மீனைப் பிடித்தார்கள், எடை பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், திரும்ப ஆற்றிலேயே விட்டார்கள். 2012-ல் அது நின்றது. சரணாலயத்துக்குள் தூண்டிலுக்கு இடமில்லை என்றாகிவிட்டது.

சட்டம் முடித்த வழக்கை அறம் இன்னும் முடிக்கவில்லை. கொல்லவும் இல்லை, தின்னவும் இல்லை; பிடித்தான், விட்டான். அவன் செய்தது பாவமா?

வள்ளுவரிடம் கேட்டால் பதில் சுவையாக இருக்கிறது. புலால் மறுத்தல் 26-ஆம் அதிகாரம். தின்பவனை அது பிடிக்கும், இவன் தின்னவில்லை. கொல்லாமை 33-ஆம் அதிகாரம். இவன் கொல்லவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போகிறவன், 32-ல் வசமாக மாட்டுகிறான். அந்த அதிகாரத்தின் பெயர் இன்னா செய்யாமை.

இந்தச் சிக்கலை மிக நுட்பமாக அனுபவித்துக்கொண்டிருப்பவர்கள் அமெரிக்காவின், கனடாவின் மேற்குக் கரை ஆறுகளில் ஸ்டீல்ஹெட் பிடிப்பவர்கள். அந்த மீன் தமிழ்நாட்டுக்கு முழு அந்நியம் அல்ல. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வளர்த்த ரெயின்போ டிரவுட்டும் அதுவும் ஒரே இனம்தான். ஆற்றிலேயே தங்கினால் டிரவுட்; கடலுக்குப் போய்ப் பருத்து, முட்டையிட ஆறு திரும்பினால் ஸ்டீல்ஹெட். ஏற்காடு ஏரியில் மண்புழு கோத்து உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு தெளிவு உண்டு: மீனுக்குப் பசி, முள்ளில் இரை. ஸ்டீல்ஹெட்காரருக்கு அந்தத் தெளிவு கிடையாது. ஆறு திரும்பிய மீன் பெரும்பாலும் சாப்பிடுவதே இல்லை. பிறகு எதற்காக இறகும் முடியும் கட்டிய போலிப் பூச்சியைக் கவ்வுகிறது? கோபம் என்பார்கள், குறுகுறுப்பு என்பார்கள், குஞ்சுப் பருவத்துப் பழக்கம் என்பார்கள். ஒத்த கருத்து இல்லை. பசியில்லாத விருந்தாளிக்கு என்ன பரிமாறுவது என்ற கேள்விதான் பூச்சி தேர்வதில் இருக்கிறது. அதனால் அது நுட்பத்தைவிடப் பக்திக்கே நெருக்கமானது. அவரவருக்கு ஓர் இஷ்ட தெய்வம் போல அவரவருக்கு ஒரு பூச்சி. கோடையில் கறுப்பும் வெள்ளையுமாய், வாலடியில் பச்சை வைத்த 'கிரீன் பட் ஸ்கங்க்'. குளிர்காலத்துக் கலங்கல் நீரில் நீண்ட இறகுகள் அலையும் 'இன்ட்ரூடர்'.

தூண்டில் நரம்பு தேர்வதில் பக்தியோடு விரதமும் சேர்கிறது. இவர்களின் வீச்சு முறை ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் பிறந்தது. பன்னிரண்டு முதல் பதினைந்து அடி நீளக் கோலை இரு கையாலும் பிடித்து, நரம்பை முதுகுக்குப் பின்னால் முழுதாக விரிக்காமலே எறிவார்கள். பின்னால் மரமும் பாறையும் நெருக்கும் கரைக்கு ஏற்றது. 'ஸ்காஜிட்' என்ற குட்டையான, கனத்த நரம்பு பெரிய பூச்சியையும் மூழ்கும் முனையையும் சுமந்துபோய் மீனின் மூக்கடியில் இறக்கும். 'ஸ்காண்டி' மெலிந்தது; சிறு பூச்சியை மேல்மட்டத்தில் மிதக்கவிடுவதற்கு. மூழ்கும் நரம்பில் மீன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பது பிடிப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. அறிந்தே சிலர் மிதக்கும் நரம்பை மட்டும் பயன்படுத்துகிறார்கள். ஆழத்தில் கிடக்கும் மீனைத் தேடிப் போக மாட்டேன், அதுவாக மேலே வந்தால் வரட்டும் என்கிற கட்டுப்பாடு. ஒருவேளை மட்டும் சாப்பிடும் சஷ்டி விரதக்காரருக்கு இது எளிதில் புரியும்.

ஆனால் விரதம் இருப்பது மனிதன், வலி மீனுக்கு. ஆய்வாளர் லின் ஸ்னெடன் குழுவினர் 2003-ல் ரெயின்போ டிரவுட்டின் உதட்டில் தேனீ விஷமும் அமிலமும் செலுத்திப் பார்த்தார்கள். அமிலம் பட்ட மீன்கள் உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. இரை தின்ன வெகுநேரம் எடுத்துக்கொண்டன. மனித மூளையின் மேலுறை மீனுக்கு இல்லை, ஆகவே அது வலியே அல்ல என்று வாதிடும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். வாதம் எப்படிப் போனாலும் உடல் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. 1992-ல் வெளியான கனடிய ஆய்வில், விரட்டிக் களைக்கவைத்த டிரவுட்களை ஒரு நிமிடம் நீருக்கு வெளியே வைத்தபோது, நூற்றுக்கு 72 பிறகு இறந்தன. அவை ரத்தக்குழாயில் குழாய் செருகப்பட்ட ஆய்வக மீன்கள். ஆற்றில் அந்த அளவுக்குச் சாகாது. ஆனாலும் படத்துக்காக மீனைத் தூக்கிப் பிடிக்கும் கை அதை நினைவில் வைத்திருப்பது நல்லது. மெல்லிய இழை மீனை நெடுநேரம் போராடவைக்கும். தடித்த இழை சீக்கிரம் கரை சேர்க்கும். முள்ளில் பின்னோக்கி நீட்டிய கூர் இல்லாவிட்டால் காயம் சிறிது. கடையில் நிற்கும்போதே பாதி அறம் முடிவாகிவிடுகிறது.

இந்தத் தர்க்கத்தைக் கடைசி வரை கொண்டுபோனவர் ஒரிகானின் லீ ஸ்பென்சர். நார்த் அம்ப்குவாவின் கிளையாறான ஸ்டீம்போட் கிரீக்கில், ஸ்டீல்ஹெட்கள் கோடையைக் கழிக்கும் மடு ஒன்றைத் திருடர்களிடமிருந்து காக்க ஆண்டுதோறும் மாதக்கணக்கில் கரையிலேயே தங்கினார். தூண்டில் போடும்போது முள்ளின் முனையை வெட்டிவிட்டுத்தான் போட்டார். மீன் எழும், கவ்வும், போய்விடும். மனத்தால் செய்வதையும் இம்சையில் சேர்க்கும் சமணர் இதையும் விடமாட்டார்கள், ஏமாற்றியது ஏமாற்றியதுதானே.

நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனாரையும் இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். நாள்தோறும் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்ட பரதவர் தலைவர். வலையில் ஒரே மீன் விழுந்த நாள்களிலும் அதை விட்டார். சுற்றம் பசித்துக் கிடந்தது. கடைசியில் பொன்னும் மணியுமாய் ஒன்று விழுந்தபோது அதையும் விட்டார் என்கிறது பெரிய புராணம். விடுதல் என்றால் அது. வேண்டியதை விட்டார். முகாம்காரர் விட்டது தனக்கு வேண்டாததை. வேண்டியது படம், அது பத்திரமாக இருக்கிறது. பிடித்து விடுவதைக் கருணை என்று அழைப்பது மிகை. பட்ட கடனில் கொஞ்சம் தள்ளுபடி, அவ்வளவே. பிடிக்கும் இன்பத்தையே வெட்டிப் போட்ட ஸ்பென்சர்தான் அதிபத்தருக்குச் சற்று அருகில் வருகிறார்.

ஒன்றை மட்டும் முகாம்காரர் பக்கம் எழுதியாக வேண்டும். காவிரியின் திமில் மஹ்சீர் அழிந்துகொண்டிருப்பதைக் காட்டியவை காலிபோரில் 1998 முதல் 2012 வரை அவர்கள் பிடித்த மீன்களைக் குறித்துவைத்த பதிவேடுகள். அந்த மீனின் அறிவியல் பெயர் 'டோர் ரெமாதேவி' என்று உறுதியானது 2018-ல்தான். மிக ஆபத்தான நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் அது ஏறியதும் அதே ஆண்டில்.